திட்டியதற்கு நன்றி

நெமிலிச்சேரியில் மின்சார ரயில் ஏறிய இரண்டு பெண்கள், கழுத்தில் அலுவலக அட்டையோடு, எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"நேத்து அது திட்டுனதுக்குக் கால்லயே விழலாம்டி."

"யாரு, மேனேஜரா?"

"கம்பைலர். நாம எழுதுற புரோகிராமை ஓட்டுறதுக்கு முன்னாடி தப்பு பாக்குமே, அது. டயாலிசிஸுக்கு வர்றவங்களுக்கு மெசேஜ் அனுப்புற புரோகிராம். லிஸ்ட்டைப் படிச்சுக்கிட்டே, வரலைன்னவங்க பேரை அதுலேயே அழிக்கிற மாதிரி எழுதிட்டேன். ஓட்டவே மாட்டேன்னுடுச்சு."

"ஓட்டியிருந்தா?"

"ஒரு பேரை அழிச்சா அடுத்த பேரு அந்த இடத்துக்கு நகர்ந்துரும். அதைப் படிக்காமலே தாண்டிருவோம். அந்த ஆளுக்கு மெசேஜே போயிருக்காது."

"அப்புறம்?"

"முழுசாப் படிச்சு முடிச்சுட்டு, அதுக்கப்புறந்தான் அழிச்சேன்."

அம்பத்தூரில் அவர்கள் இறங்குவதற்குள் கும்பல் முண்டியடித்து ஏறப் பார்த்தது. வாசலில் நின்ற ஒரு பெண்மணி கையை நீட்டி மறித்தார். "இன்னா அவசரம்? எறங்கறவங்க எறங்கட்டும், அப்பால ஏறு!"

"ரொம்பத் தேங்க்ஸ்க்கா. நேத்தும் இப்படித்தான் ஒருத்தர் நிறுத்துனாங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினாள், கம்பைலரிடம் திட்டு வாங்கிய பெண்.