பொனற்றில் ஒரு சந்தன வட்டம்

கார் என்றால் எஞ்சின் முன்னால்தான் இருக்கும் என்று அந்த வீட்டுப் பெண்கள் இருவரும் நம்பியிருந்தார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் நடந்த பேச்சிலிருந்து அதை அறிந்தேன். புளியங்கூடல் பெண் ஒருவர், காலமான கணவரின் பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரை விற்பதற்காக, வாங்குபவரோடு பெயர் மாற்றும் எழுத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“எல்லாம் புதுசு மாதிரி இருக்கு அக்கா. முன்னுக்குப் பொனற் மூடியிலை மட்டும் ஏன் பெயின்ற் வட்டமாப் போயிருக்கு?”

“மாமி சாகுமட்டும் வெள்ளிக்கிழமையிலை எஞ்சினுக்கெண்டு சந்தனம் வைச்சவ. எஞ்சின் சீற்றுக்குப் பின்னாலை எண்டு இண்டைக்கு நீர் திறந்து காட்டினாப் பிறகுதான் எனக்கே தெரியும்.”

“அப்ப முன்னுக்குக் கிடக்கிற ஸ்பெயர் ரயருக்கோ இவ்வளவு நாளும் பூசை?”

“அதுதான் அதுக்கு ஒருநாளும் காத்துப் போகேல்லை!”

இருவரும் சிரித்தார்கள்.

“அண்ணை சொல்லேல்லையோ?”

“பக்கத்திலை நிண்டு கும்பிட்டவர் தம்பி. தாயின்ரை மனம் நோகுமெண்டு வாயே திறக்கேல்லை.”

பஸ் மண்கும்பானைக் கடந்தது.

“அந்த வட்டத்துக்கு மேலாலை பெயின்ற் அடிக்கட்டோ, அக்கா?”

“அடிக்கிறதெண்டால் நான் இதிலை இறங்கிறன். கார் விக்கேல்லை.”

“இல்லை அக்கா, தொடமாட்டன்.”

அவர் இறங்கவில்லை. மாமியும் கணவரும் இல்லாத அந்த வீட்டில், கார் போனபின், அவர் மட்டும் இருப்பார்.