தழும்பைப் பார்த்து வந்த மாப்பிள்ளை

ஐம்பதுகளில் ஒரு நாள், இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் கருவாட்டுக் கூடை. முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரியான மற்றவளுக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அவள்தான் சொன்னாள்:

“இந்தத் தழும்பைப் பாத்துத்தான் அவரு என்னையக் கட்டுனாரு.”

“இது என்னக்கா கூத்து?” என்றாள் கூடைக்காரி.

“அவுக ஆத்தாளுக்குப் பெரியம்மை போட்டுருச்சு. ஊருல ஒருத்தரும் வாசப்படி மிதிக்கல. எனக்குச் சின்னப்பிள்ளையிலயே வந்துபோனதால நான் போனேன்.”

“பயமா இல்லையாக்கா?”

“ஒருதடவை வந்துபோனா ஒடம்பு அதை மறக்காதாம், மறுபடி உள்ள விடாதாம். அம்மை குத்த வந்தவரு சொல்லியிருந்தாரு. இருபது நாளு வேப்பிலையால வீசிக்கிட்டு, கூழு ஊத்திக்கிட்டு அங்கனயே கெடந்தேன். அவருக்கு அம்மை வந்ததில்ல, அதனால உள்ள விடல. வேலிக்கு அங்கிட்டு தண்ணிக்கொடத்தை வச்சிட்டு அழுதுக்கிட்டே போவாரு. கெழவி பொழச்சு எந்திரிச்சிருச்சு.”

“அப்புறம்?”

“பொண்ணு கேட்டு வந்தாரு. எங்க அய்யா, ‘பிள்ளை மொகத்தைப் பாத்தீகளா?’ன்னு கேட்டாரு. ‘அந்த மொகம் இல்லைன்னா எங்க ஆத்தா இல்ல’ன்னாரு.”

ரயில் உச்சிப்புளியில் நின்று கிளம்பியது.

“நான் வெசனப்படுவேன்னு எங்க அய்யா வீட்டுல கண்ணாடியே வைக்கல. கல்யாணமாகிப் போன அன்னைக்கு அவரு வீட்டுச் செவத்துல புதுசா ஒண்ணு தொங்குச்சு. ரொம்ப நேரம் நின்னு பாத்தேன்” என்றாள் அவள்.