டீக்கனைப் பற்றி நான் சொன்ன நான்கு விஷயங்கள்

முதுகு நேரான நாற்காலி கொடுத்ததற்கு நன்றி. இருபத்தாறு வருடம் சேணத்தில் உட்கார்ந்தவளுக்கு மெத்தை ஆகாது. இடுப்பில் இரண்டு ஆணி, இடது முழங்காலில் ஒரு தகடு. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், "உன்னவிட உன் லாரி நல்லா இருக்கும்மா டெல்லா" என்றார். தப்பாகச் சொல்லவில்லை.

ரோண்டாவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். எங்கள் பந்தயத்தில், மைதானத்தில் மூன்று பீப்பாய்களைக் குதிரையில் சுற்றிவிட்டு வாசலுக்குப் பறந்து வர வேண்டும். பதினேழு விநாடி வேலை. அதற்காக ஆயிரம் மைல் ஓட்டுவோம். ஒன்பது வருடம் அவளும் நானும் ஒரே லாரி. ஒருத்தி ஓட்டினால் ஒருத்தி தூங்குவாள். என் மகள் கல்யாணத்தை வயோமிங்கில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்று போனில்தான் பார்த்தேன். கை நடுங்காமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ரோண்டா. அப்படி ஒரு தோழி யாருக்கும் கிடைக்க மாட்டாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் லாஸ் வேகஸ் இறுதிப் போட்டிக்கு வருடம் முழுக்க ஜெயித்த பணக் கணக்கில் முதல் பதினைந்து பேர்தான் போகலாம். செப்டம்பர் கடைசி நாளோடு பட்டியலை மூடிவிடுவார்கள். அன்று அவள் பதினைந்து, நான் பதினாறு. அவள் ஏற்கெனவே நான்கு முறை போனவள். நான்கு முறையும் அவள் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தது நான். ஒரு முறைகூட நான் போனதில்லை.

அன்று காலை அவள் குதிரை வயிற்று வலியில் படுத்துவிட்டது. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தியின் குதிரை படுத்தால் இன்னொருத்தி தன் குதிரையைக் கொடுப்பாள், ஜென்மப் பகையாக இருந்தாலும். நான் வழக்கமாக ஓட்டும் குதிரையில் ஓடி முடித்து மூன்றாவதாக வந்திருந்தேன். ரோண்டா ஒரு சுமாரான ஓட்டம் ஓடினால்கூட எனக்கு லாஸ் வேகஸ் இல்லை. இருந்தும் என் இன்னொரு குதிரை, ரோண்டா ஒரு முறைகூட ஏறாத டீக்கனைக் கொடுக்கிறேன் என்று முதலில் சொன்னது நான்தான். எல்லோரும் பார்த்தார்கள். நான் முந்தாவிட்டால் வேறு யாராவது நல்ல குதிரையாகக் கொடுத்திருப்பார்கள்.

டீக்கனுக்கு முன்னங்கால் குளம்புக்குள் எலும்பு தேய்ந்துகொண்டிருந்தது. ஜூன் மாதமே குதிரை டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்: "இவன மேய விட்டுடும்மா. ஊசி போட்டு கால மரத்துப்போக வச்சா நொண்ட மாட்டான்தான். ஆனா கால் எங்க இருக்குன்னு அவனுக்கே தெரியாது. வேகமா திருப்புனா உருண்டுருவான்." டாக்டர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். நான் வீட்டில் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். மூன்றாவது பீப்பாயில் கால் மடங்கியது. மெதுவாகப் போனதால் நான் தப்பித்தேன். ரோண்டாவுக்கு மெதுவாகப் போகத் தெரியாது.

அன்று டிரெய்லருக்குப் பின்னால் நின்று ஊசி போட்டேன். அவன் வலியோடு ஓடுவதை என்னால் பார்க்க முடியாது, என் மனசு அப்படி. போடாவிட்டால் அவன் நொண்டியிருப்பான், ரோண்டா ஏறியிருக்கவே மாட்டாள், அதுவும் உண்மைதான். டீக்கன் ரத்தத்தில் மருந்து இருந்தது என்கிறீர்கள். இருக்கும். அளவாகத்தான் போட்டேன்.

குதிரையைக் கொடுப்பவள் அதன் குணம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். அதுவும் வழக்கம். நான் நான்கு சொன்னேன். வாசலில் முரண்டு பிடிப்பான். முதல் பீப்பாயைப் பின்பக்கத்தால் இடிப்பான். சாட்டை வேண்டாம். கைதட்டினால் மிரளுவான். நான்கும் சத்தியம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், ரோண்டா பார்த்தாள். பல்லோடு நிறுத்திக்கொண்டாள்.

ஏறுவதற்காகச் சேணத்தின் அங்கவடியில் கால் வைத்துக்கொண்டு கேட்டாள்: "வேற ஏதாச்சும் இருக்காடி?"

"நேரமாச்சு, ஏறுடி" என்றேன்.

"ஜெயிச்சா பாதி உனக்குத்தான், ஞாபகம் வச்சுக்கோ" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

முதல் இரண்டு பீப்பாய்களையும் அவ்வளவு அழகாகச் சுற்றினாள். அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவதில் டீக்கன் முன்னங்கால் மடங்கிக் குப்புற விழுந்து அவள்மேல் உருண்டான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ரோண்டா போய்விட்டாள். டீக்கனைச் சுட வேண்டியதாகிவிட்டது. அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

டிசம்பரில் அவள் பெயர் எழுதிய பட்டியைக் கையில் கட்டிக்கொண்டு லாஸ் வேகஸில் ஓடினேன். கூட்டமே எழுந்து நின்றது. அவள் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பு இல்லை.

விழுந்ததும் நான் ஏன் முதலில் குதிரையிடம் ஓடினேன் என்று கேட்டீர்கள். குதிரைக்காரியின் பாசம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் மறுக்கவில்லை. அவன் காலில் வெள்ளை முடியில், ஊசி குத்திய இடத்தில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது. சட்டைக் கையால் துடைத்தேன். பிறகுதான் அவளிடம் போனேன். அவள் பார்வை என் சட்டைக் கையிலேயே இருந்தது. வாயைத் திறந்து ஏதோ சொல்லப் பார்த்தாள், குரல் வரவில்லை. குதிரை கொடுத்ததற்கு நன்றி சொல்லத்தான் பார்த்திருப்பாள், பாவம்.