இடப்பக்கம் சிவப்பு

கடையிலேயே பேட்டரி போட்டு எரித்துப் பார்க்காமல் நான் எந்த விளக்கையும் வாங்குவதில்லை. சார்ஜன் தேவதாஸ், நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அந்தப் படகு விளக்குகளைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு சனிக்கிழமை முழுதாகப் பிடித்தது. அதனால்தான் விபத்து அறிக்கையில் ‘மங்கலான, தரமற்ற விளக்குகள்’ என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டதும் வருத்தமாகிவிட்டது. ஆற்றிலிருந்து ஒரு விளக்கைக்கூட எடுக்கவில்லை, பிறகு எப்படி அவற்றின் தரம் தெரிந்தது? அதைத் திருத்தச் சொல்லத்தான் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். மற்றதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெயர் சிவானந்தம். அசாம் ஜாவா பக்கத்து எஸ்டேட் ஒன்றில் முப்பது வருடமாகக் கிராணி, கணக்கு எழுதும் வேலை. இறந்துபோன காளியண்ணன் என்னோடு அதே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். தண்ணீர்ப் பம்பு பார்ப்பவர். சம்பான் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஒன்று வைத்திருந்தார். ஓய்வு நாட்களில் இருவரும் அதில் இறால் பிடிக்கப் போவோம்.

கோலசிலாங்கூர் ஆற்றில் முதலை உண்டு என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எழுபத்து நான்கில் ஒரு மாலை, தண்ணீரில் கறுப்பாக ஒன்று எங்களை நோக்கி மிதந்து வந்தது. நான் துடுப்பால் நான்கு முறை அடித்தேன். காளியம்மனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டேன். அது டிராக்டர் டயர். நடந்தது இவ்வளவுதான்.

காளியண்ணன் இவ்வளவோடு நிறுத்தவில்லை. அடுத்த வருடமே அவர் சொல்லும் கதையில் சேவல் ஆடாகிவிட்டது. மூன்றாம் வருடம் நான் அழுதேன். ஐந்தாம் வருடம், பிள்ளைகுட்டிக்காரன் விட்டுவிடு என்று டயரிடம் கெஞ்சினேன். மனிதர் நன்றாகக் கதை சொல்வார், அதை மறுக்க முடியாது. கருமாதி வீட்டில்கூடச் சொல்லிச் சிரிக்க வைத்தார். எஸ்டேட்டில் எனக்கு ‘முதலை கிராணி’ என்றே பெயராகிவிட்டது. ஒரு விடுப்புக் கடிதத்தில், ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஞாபகப் பிசகாக அப்படியே எழுதி அனுப்பினார்.

எண்பத்தைந்தில் என் மகள் புஷ்பவள்ளியைப் பெண் பார்க்கச் சபாக்கிலிருந்து வந்தார்கள். சாலைச் சந்தியில் நின்று சிவானந்தம் வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. கிராணி என்று சொன்ன பிறகுதான், “ஓ, முதல வீடா?” என்று வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். காளியண்ணன் பலகாரத் தட்டோடு கதையையும் பரிமாறினார். மாப்பிள்ளையின் அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சம்பந்தம் அங்கேயே முடிவானது. அந்தக் கதையால் எனக்கு ஒரு கெடுதலும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கல்யாணத்தன்று மேளம் ஓய்ந்த நேரத்தில் அவர் மைக்கை வாங்கினார். அன்றைக்கு டயருக்குப் பல் முளைத்தது. என் மகளும் சிரித்தாள். தாலி ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

நான் கோபப்படவில்லை. அவரைப் பற்றியும் ஊரில் ஒரு கதை இருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் சின்னப் படகுகளும் பொழுது சாய்ந்தால் விளக்கு வைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. குறுக்கே போகும் படகில் சிவப்பைக் கண்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும். பச்சையைக் கண்டால் தன் போக்கில் போகலாம். காளியண்ணன் என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும் கிராணியாரே. லோரி லைசென்ஸ் கெடைக்காம போனதே அதனாலதான். ராஜம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும். வெளிய சொல்லிராதீங்க லா.”

நான் சொல்லவில்லை. இன்றுதான் முதல்முறையாகச் சொல்கிறேன். என் விஷயத்தில் அவர் அப்படி நடந்துகொள்ளவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கல்யாணத்தில் ஓடியாடி உழைத்தவர், விளக்கு என் அன்பளிப்பாக இருக்கட்டும் என்றேன். கிள்ளானில் ஒரு சீனர் கடையில் மூன்று வகை வைத்திருந்தார்கள். முதல் வகை பிளாஸ்டிக். சிவப்பு ஆரஞ்சு மாதிரி தெரிந்தது, ஒரு மழைக்குத் தாங்காது. இரண்டாவது கனமானது, நல்ல பித்தளைக் கூடு. ஆனால் ஒன்றின் தலையில் இடம் என்றும் மற்றதில் வலம் என்றும் ஆங்கில எழுத்து புடைப்பாக வார்த்திருந்தது. தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். மூன்றாவது ஜப்பான் சரக்கு. தடித்த கண்ணாடி, ஈரம் புகாமல் ரப்பர் வளையம், படகின் விளிம்பில் திருகிப் பொருத்திவிட்டுத் திரும்பும்போது கழற்றி எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரரை இருட்டான பின்சந்தில் விளக்கோடு நிற்கவைத்து, மறுகோடியிலிருந்து பார்த்தேன். இரண்டு நிறமும் அப்பழுக்கில்லாமல் தெரிந்தன. எழுத்து எதுவும் இல்லை. அதைத்தான் வாங்கினேன்.

காளியண்ணன் நெகிழ்ந்துபோய்விட்டார். அவர் மனைவி இராஜம்மா சிவப்பு விளக்கின் பிடியில் ஒரு கயிற்றைக் கட்டிக் கொடுத்தார். கயிறு உள்ளது இடப்பக்கம். அவர் அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மூன்று வாரம் எல்லாம் சரியாக நடந்தது.

நான்காம் வாரம் வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். “உக்காருங்கண்ணே” என்று சொல்லிவிட்டு இராஜம்மா தேத்தண்ணி கலக்க உள்ளே போனார். விளக்குகள் ஒரு பையில் வாசலில் இருந்தன. சிவப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்துப் பச்சையில் கட்டினேன். அதே முடிச்சுதான் போட்டேன். பிறகு தேத்தண்ணி குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் கூடுதல்.

படகுத்துறையில் யாராவது பார்த்து, விளக்கை மாற்றி வைத்திருக்கிறாரே என்று சிரிப்பார்கள், அவருக்கும் ஒரு பெயர் விழும் என்பதுதான் என் எண்ணம். ‘பச்சைக் காளி’ என்று ஒன்றை யோசித்தும் வைத்திருந்தேன். அதைக் கண்ணால் பார்க்கக் கோலசிலாங்கூர் படகுத்துறைக்கு முன்னதாகவே போய், அவித்த கடலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமைகளில் மலாய்க்காரர்கள் பலர் கடலுக்குப் போவதில்லை. கடலைக்காரியைத் தவிர துறையில் ஆள் இல்லை. அது எனக்கு நினைவிருந்திருக்க வேண்டும்.

காளியண்ணன் வந்தார். விளக்குகளைப் பொருத்தினார். என்னைப் பார்த்துக் கை தூக்கினார்.

“முதல வருதான்னு பாத்துக்குங்க கிராணியாரே.”

எதிர்க்கரைக்குச் சம்பானை விட்டார். அதே நேரம் கடல் பக்கமிருந்து ஒரு பெரிய மீன்பிடிப் படகு ஆற்றுக்குள் வந்தது. அதற்குத் தெரிந்தது சம்பானின் இடப்பக்கம். அங்கே பச்சை எரிந்தது. படகோட்டி வேகத்தைக் குறைக்கவில்லை. பச்சையைப் பார்த்தேன் என்று அவன் உங்களிடம் சொன்னது உண்மை. தயவுசெய்து அவனை விட்டுவிடுங்கள். காளியண்ணனும் ஒதுங்கவில்லை. தன் சிவப்பைப் பார்த்துப் பெரிய படகு வழிவிடும் என்று நம்பியிருப்பார்.

அவர் இன்னும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். நான் எழுந்து நின்றேன். கத்தினால் கடலைக்காரி திரும்பிப் பார்ப்பாள். கிராணி மறுபடியும் ஆற்றைப் பார்த்து அலறினான் என்று நாளைக்கே ஒரு கதை கிளம்பும். உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மோதல், கொஞ்சம் தண்ணீர், சொட்டச் சொட்ட நனைந்த கைலியோடு கரையேறி வரும் காளியண்ணன். நான் எதிர்பார்த்தது இதைத்தான். அடுத்த கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்து நான் சொல்வதற்கு அது போதுமானது. கெட்ட எண்ணம் எதுவும் என்னிடம் இல்லை.

அவருக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியாது சார். முப்பது வருடப் பழக்கம், அதுகூடத் தெரியாமல் இருப்பேனா?