பழைய தடத்தில் புது சீல்

உங்கள் அறையின் மூலையில் இருக்கும் குழாய் சொட்டுகிறது. வந்ததிலிருந்து பார்க்கிறேன். உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும், வேறொன்றும் இல்லை. ஸ்பேனர் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். நடந்துகொண்டே சொல்கிறேனே. உட்கார்ந்தால் அந்தச் சத்தம்தான் காதில் விழுகிறது.

அந்த லாரி மாமாவுடைய அப்பா ஓட்டியது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். மூக்கு நீண்ட பழைய வண்டி. கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியைச் சாத்துவது போலிருக்கும். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் பல வருடங்களாக நின்றது. ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிதான் அதிகம் ஒழுகும். எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற வளையத்தை சீல் என்போம். ஓடினால் சீல்கள் எண்ணெயில் ஊறி மெத்தென்று இருக்கும். நின்றால் காயும், விறைக்கும், வெடிக்கும். அந்தக் காலத்து சீல்களைத் தோலில் செய்தார்கள். போடாமல் வைத்த செருப்பு எப்படி ஆகும், அப்படி ஆகும்.

நான் அப்போது பஸ் ஒர்க்‌ஷாப் வேலையை விட்டிருந்தேன். மேஸ்திரியோடு ஒத்துப்போகவில்லை. அதற்கு முந்திய இடத்திலும் அப்படித்தான். ஒரு லாட்ஜிலிருந்து இன்னொரு லாட்ஜுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். எந்த அறையிலும் தூக்கம் வராது. எழுந்து நடப்பேன். பக்கத்து அறைக்காரர்கள் புகார் சொல்வார்கள்.

மாமாதான் கூப்பிட்டார். "லாரி சும்மா நிக்குது. நீயும் சும்மா இருக்க. அத சரி பண்ணு. அதுவரைக்கும் ஷெட்ட ஒட்டி இருக்குற ரூம்ல தங்கிக்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். 'அதுவரைக்கும்' என்றதுதான் என் காதில் நின்றது.

அந்த அறைக்கு ஒரு ஜன்னல், ஷெட்டுக்குள் திறக்கும். கட்டிலில் படுத்தபடியே லாரியின் அடிவயிறு தெரியும். கதவைத் திறந்தால் அக்காவின் சமையலறை. பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும். மாமாவிடம் எதற்கோ சலித்துக்கொள்வது கேட்கும். முதல் வாரத்திலேயே எனக்குத் தூக்கம் வந்தது.

ஒழுகலைக் கண்டுபிடிக்க நான் அட்டை போடுவேன். பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்துவிட வேண்டும். காலையில் இழுத்துப் பார்த்தால் வண்டி தானே சொல்லும். கறுப்பாக இருந்தால் எஞ்சின். தேன் நிறத்தில் கெட்டியாக, மூக்கைச் சுளிக்க வைக்கும் வாடையோடு இருந்தால் கியர் ஆயில். எஞ்சினைச் சரிசெய்தேன். கியர்பாக்ஸைச் சரிசெய்தேன். நேர்மையாகத்தான் செய்தேன். மிச்சம் இருந்தது பின் ஆக்ஸிலில், அதாவது பின்சக்கரங்களின் அச்சில், கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் நுழையும் இடம். அங்கே ஒரு சீல் உண்டு, பினியன் சீல் என்போம்.

இதை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சீலுக்கு ஓர் உதடு உண்டு. அது சுற்றுகிற இரும்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் தொட்டுத் தொட்டு இரும்பில் ஒரு தடம் விழுந்துவிடும். அதே தடத்தில் புது சீலின் உதட்டை உட்கார வைத்தால், சில வாரம் நிற்கும், பிறகு கசியும். ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், உள்ளே தள்ளி அடித்தால் உதடு தேயாத இரும்பில் உட்காரும். பிறகு அதன் பக்கமே போக வேண்டியதில்லை.

முதல் தடவை தெரியாமல்தான் பழைய தடத்தில் போட்டேன். மறுபடி கசிந்தது. மாமா குனிந்து அட்டையைப் பார்த்தார்.

"இது லாரியா, கறவ மாடா? தினமும் தவறாம குடுக்குதே."

"அவசரப்படுத்தாதீங்க," என்றாள் அக்கா. "அவன் பாட்டுக்கு செய்யட்டும். ஓடிப்போறதுக்கு அதுக்கு ஒண்ணும் கால் இல்ல."

அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அடுத்த தடவை தெரிந்தே பழைய தடத்தில் போட்டேன். அதற்கடுத்த தடவையும். இதை ஏமாற்று என்று நீங்கள் சொல்லலாம். புது சீல் போட்டேன். பழைய சீல் இருந்த இடத்தில் போட்டேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள்.

மாமா எனக்கு டாக்டர் என்று பெயர் வைத்தார். காலையில் பல் விளக்கிக்கொண்டே வருவார். "டாக்டரே, நோயாளி எப்படி இருக்கான்?"

"முன்னவிட தேவல மாமா."

"தேவலன்னு சொல்லிச் சொல்லியே அவன் எனக்கு முந்திப் போயிருவான் போல."

அப்படியே போயிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு நாள் கியர்பாக்ஸ்காரர் வந்தார். கடைத்தெருவில் கியர்பாக்ஸ் வேலை மட்டும் பார்ப்பவர். என்னிடம் வாங்கிப்போன, பேரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லரைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், பழக்க தோஷத்தில் குனிந்து அடியில் பார்த்தார்.

"புது சீல்தான தம்பி? அப்புறம் ஏன் கசியுது?"

"ஷாஃப்ட் தேஞ்சிருக்குண்ணே."

"தேஞ்சா என்ன? ஒரு நூல் உள்ள தள்ளி அடி, நிக்கும். உனக்குத் தெரியாததா?"

மாமா டீ டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

"டாக்டருக்குத் தெரியும்," என்றார். "நோயாளிய வீட்டுக்கு அனுப்ப மனசு வரல, அவ்வளவுதான்."

கியர்பாக்ஸ்காரர் சிரித்தார். மாமாவும் சிரித்தார். ஆனால் அவருடைய சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பெட்டியைக் கட்டியிருப்பேன், இவ்வளவு தூரம் வந்திருக்காது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வண்டிய ஒருத்தர் கேக்கறாரு. சினிமாவுக்கு பழைய வண்டி குடுக்குறவரு. மலைக்கு அந்தப் பக்கம். வர்ற ஞாயித்துக்கிழமை நானே ஓட்டிட்டுப் போய் விட்டுட்டு, பஸ்ஸுல திரும்பிடறேன்."

"ஷெட்டு?" என்றேன்.

"பிரிச்சிடலாம். அந்த ரூமும் தகரம்தான, சேத்தே பிரிச்சிடலாம். உனக்கு ஒரு டிராக்டர் கம்பெனில பேசியிருக்கேன். தங்க எடமும் அவங்களே தராங்க. நல்ல எடம்."

அக்கா எனக்கு இன்னொரு கரண்டி போட்டாள். "இனியாவது ஒரு எடத்துல நிலையா இருடா," என்றாள்.

நான் நிலையாகத்தான் இருந்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

இனி அங்கே கசிந்தால் காரணம் மாமாவுக்குத் தெரியும். மறுநாளே பினியன் சீலைக் கழற்றி, ஒரு நூல் உள்ளே தள்ளி அடித்தேன். அடுத்த நாள் காலை அட்டையை இழுத்தேன். வெறும் அட்டை. அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கினேன். கலைத்தேன். திரும்ப அடுக்கினேன். வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அப்போதுதான் பிரீதர் கண்ணில் பட்டது.

அக்கா குக்கர் வைப்பதற்கு முன்னால் மூடியை வெளிச்சத்தில் தூக்கி, ஆவி போகும் துளையைப் பார்ப்பாள். "இது அடைச்சிருந்தா வேற வழியா வெளிய வரும்டா, மூஞ்சி தப்பாது," என்பாள். ஆக்ஸிலின் தலையிலும் அப்படி ஒரு துளை உண்டு. வண்டி ஓடினால் உள்ளே சூடேறும், காற்று விரியும், அந்தத் துளை வழியாக வெளியேறும். அதுதான் பிரீதர். அதைச் சுற்றி எண்ணெய் ஆவி படிந்து கறையாக இருந்தது. எனக்குக் கறை பிடிக்காது. ஒரு சின்ன போல்ட்டை எடுத்துத் துளையில் வைத்து முறுக்கினேன். மேலே கறுப்புப் பெயின்ட் அடித்தேன். பார்க்க நன்றாக இருந்தது.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். அடைத்தால் எண்ணெய் எந்த வழியாக வரும்? பினியன் சீல் வழியாக வராது, அதைத்தான் ஒழுங்காகப் போட்டுவிட்டேனே. இரண்டு பின்சக்கரங்களிலும் அந்தக் காலத்துத் தோல் சீல்கள் இருந்தன. அவை சொட்டவில்லை, அதனால் நான் தொடவில்லை. சொட்டாததைத் தொடக் கூடாது என்பது என் வழக்கம். எண்ணெயை உள்ளிருந்து காற்று தள்ளினால் அவைதான் முதலில் விடும். சக்கரத்தில் எண்ணெய் வழிந்தால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார். வண்டி திரும்பி வரும். மாமா தலையில் கை வைப்பார். நான் பார்த்துக்கொள்கிறேன் மாமா என்று சொல்வேன். நினைத்தது இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா ஹாரன் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், சின்னப் பையனைப் போல. அக்கா கைப்பையோடு வெளியே வந்தாள்.

"நீ எங்க கெளம்பிட்ட?" என்றார் மாமா.

"வீட்டுல உக்காந்து செவுத்தப் பாக்கவா? நானும் மலையப் பாத்தா மாதிரி இருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "டேய், எல்லாம் சரியா இருக்கா? எறக்கத்துல டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுவாரு இந்த மனுசன். எனக்கு அதான் பயம்."

"ஒரு சொட்டுகூட இல்லக்கா. வேணா அட்டையப் பாரு."

அவள் குனிந்து அட்டையைப் பார்த்தாள். "டாக்டர்னு சும்மாவா சொல்றாரு," என்றாள்.

படி உயரம். ஏற நான் கை கொடுத்தேன். கையில் எண்ணெய் இல்லை. முன்பே துடைத்திருந்தேன்.

அந்த போல்ட்டைக் கழற்ற ஒரு நிமிடம் போதும். ஸ்பேனர் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் கிளம்புகிற நேரத்தில் அடியில் போய்ப் படுத்தால் எதற்கு என்று மாமா கேட்பார். என்ன சொல்வது?

அவர்கள் போன பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஷெட்டைப் பெருக்கினேன். வாசலுக்குப் போனேன், வந்தேன். ஏற்றம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். மறுபடி பெருக்கினேன். வண்டி இல்லாத இடத்தில் புது அட்டை விரித்தேன். திரும்பி வந்தால் தேவைப்படும்.

வண்டி வரவில்லை. போன்தான் வந்தது. மலை இறக்கத்தில் ஒரு வளைவு. அக்கா அங்கேயே போய்விட்டாள். மாமாவுக்கு இரண்டு காலும் முறிந்திருந்தன.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நியூட்ரல்ல விட்டது நான்தான்டா. வேணாம்னு அவ சொன்னா. நான் கேக்கல." கொஞ்ச நேரம் கழித்து, "நீயும் எங்கயும் போயிடாத. வீட்டோட இரு," என்றார்.

"சரி மாமா," என்றேன். டிராக்டர் கம்பெனிக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கஞ்சி நான்தான் கொடுத்தேன். படுக்கையைத் தட்டிப் போட்டேன். வீட்டில் அக்காவின் சமையலறையை ஒட்டிய அறையில் படுத்தேன். உண்மையைச் சொல்வதென்றால், தூங்கினேன்.

பிறகு உங்கள் ஆள் வண்டியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். பழைய ஆக்ஸிலில் புதுப் பெயின்ட். மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அதே போல்ட்தான்.

எழுதிக்கொள்ளுங்கள். அடைத்தது நான். எண்ணெய் சக்கரத்துக்குள் போனால் பிரேக்கில்தான் ஏறும் என்று தெரியும். ஏற்றத்தில் சூடாகும், இறக்கத்தில் பிடிக்காது என்று தெரியும். அவர் நியூட்ரலில் விடுவார் என்று தெரியும். அக்கா ஏறியதைப் பார்த்தேன். ஏற்றிவிட்டதே நான்தான். வண்டி திரும்பி வரும் என்று நினைத்ததையும் சேர்த்து எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் கதை வேறு மாதிரி ஆகிவிடும்.

மாமாவிடம் இதைச் சொல்லத்தான் வேண்டுமா? அவர் தன் தப்பு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்காகக் கேட்கவில்லை. வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

சரி. என்னை இங்கேயே வைத்திருப்பீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா? இடம் மாறினால் எனக்குத் தூக்கம் வராது, அதனால் கேட்கிறேன். அந்தக் குழாயைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வாஷர் மட்டுமில்லை, வாஷர் உட்காரும் இடமும் தேய்ந்திருக்கிறது. நான் சரிசெய்து தருகிறேன். ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை இல்லை. கொஞ்ச நாள் இங்கேயே இருந்துதான் பார்க்க வேண்டும்.