கனிஷாய் தாண்டாத வாசல்

ஜில்டிஸ்: ...மைக்கை விட மாட்டேன், எர்கின் அண்ணே. பதிப்பாளர் நீங்க பேசியாச்சு, இனி என் முறை. பிஷ்கெக் நகரத்து வாசகர்களே! ஓர் அநியாயத்துக்குச் சாட்சியாக நிற்க உங்களை அழைக்கிறேன். உங்கள் மடியில் கிடக்கும் இந்த நாவல்தான் அந்த அநியாயம்.

எர்கின்: தங்கச்சி, இது வெளியீட்டு விழா. கோர்ட்டு இல்ல.

ஜில்டிஸ்: இருக்கட்டும். இதை எழுதினவ, இதோ பக்கத்துல தலைகுனிஞ்சு உட்கார்ந்திருக்காளே ஐசிரெக், என் சிநேகிதி. ஹாஸ்டல்ல ஒரே ரூம். முதல் பாகத்துல டாக்டராகணும்னு பிடிவாதம் பிடிப்பாளே கனிஷாய், அவ நான்தான்.

ஐசிரெக்: உன் மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கினேன்.

ஜில்டிஸ்: மூக்கைச் சின்னதாக்கினே, மன்னிச்சேன். இரண்டாம் பாகத்துல முதுகெலும்பையே ஏண்டி உருவினே?

எர்கின்: காதல் இல்லாத இரண்டாம் பாகத்தை யாரும்மா வாங்குவா...

ஜில்டிஸ்: காதலா? கேளுங்க ஐயா. பொண்ணைத் தூக்கிட்டுப் போய்க் கட்டிக்கற வழக்கம் நம்ம நாட்டுல இருக்கே, அதே மாதிரி முகம் தெரியாத ஒருத்தன் கனிஷாயை நடுத்தெருவுல காருக்குள்ள தூக்கிப் போட்டுக்கிட்டுப் போறான். அவன் வீட்டுப் பொம்பளைங்க தலையில வெள்ளை முக்காட்டைப் போட்டு, நீ இந்த வீட்டு மருமகள்ங்கறாங்க. இவ உதறிட்டு ஓடுறா. வாசல்ல அவன் பாட்டி குறுக்கே படுத்துக்கறா. பெரியவங்களைத் தாண்டினா சாபமாச்சே... இவ நின்னுடறா. அடுத்த அத்தியாயத்துல அவனுக்கு ரொட்டி சுடறா. மனசு மாறிடுச்சாம்.

ஐசிரெக்: ஜில்டிஸ், மெதுவா...

ஜில்டிஸ்: எதுக்கு மெதுவா? எனக்கும் இதேதானே நடந்துச்சு? நான் தாண்டினேன். 'உன் வயித்துல ஒரு புழு பூச்சி தங்காது'ன்னு அந்தக் கிழவி சபிச்சா. இன்னிக்கு நான் பிரசவ டாக்டர். அவ ஊர்ப் பிள்ளைங்கல்லாம் என் கையிலதான் பொறக்குதுங்க.

எர்கின்: கதைன்னா நாலு இடத்துல மாறத்தான்...

ஜில்டிஸ்: இந்த இடத்துல மாறக் கூடாது. நாளைக்கு ஒருத்தி அந்த வாசல்ல நிற்பா. தாண்டினவ ஒருத்தி உண்டுன்னு அவளுக்குத் தெரிய வேணாமா? அதைத்தான் இவ அழிச்சிருக்கா. சொல்லு ஐசிரெக். உன்னை லைப்ரரியில பார்த்து ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்ட மனுஷன் பூங்கொத்தோட முதல் வரிசையில உட்கார்ந்திருக்காரு. சொகுசா வாழறவளுக்கு எங்க அழுகை காதல் கதையாத் தெரியுதோ?

ஐசிரெக்: கொஞ்சம் தண்ணி குடு...

எர்கின்: சரி, அடுத்து கையெழுத்து வாங்கறவங்க வரிசையா...

ஐசிரெக்: உட்காருங்க அண்ணே. ஜில்டிஸ், இரண்டாம் பாகத்துல இருக்கறது நீ இல்ல.

ஜில்டிஸ்: பின்னே யாரு?

ஐசிரெக்: நான். லைப்ரரியே நான் கட்டின கதை. லீவுக்கு ஊருக்குப் போனேனே, அப்ப முதல் வரிசையில இருக்கற இவரும் இவர் ஆளுங்களும்தான் தூக்கிட்டாங்க. நீ தாண்டினவ... உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு.

ஜில்டிஸ்: அடிப்பாவி... இத்தனை வருஷமா?

ஐசிரெக்: பிரியம் வந்துச்சுன்னு எழுதினா வந்துடும்னு பார்த்தேன். வரல. முதல் நாளே என் அம்மாவைப் போன்ல கூப்பிட்டுக் கெஞ்சினேன். வந்தாங்க. அந்த வீட்டுல உட்கார்ந்து, கல்யாணத்துக்குச் சம்மதம்ங்கற மாதிரி டீ குடிச்சாங்க. 'விழுந்த இடத்துலதான் கல்லுக்குக் கனம், இனி இதுதான் உன் வீடு'ன்னு சொல்லிட்டு, தனியா பஸ் ஏறிட்டாங்க. இங்கே இருக்கும் தாய்மாரே, தகப்பன்மாரே! அப்படி ஒரு வீட்டிலிருந்து உங்கள் மகள் கூப்பிட்டால், அந்த நிமிடமே புறப்படுங்கள். அவர்கள் நீட்டும் கோப்பையைத் தொடாதீர்கள். மகளின் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.