யாகூப் பாயின் கொட்டைத் திராட்சை

யாகூப் பாயின் நினைவுக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் கலைமகள் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாயின் மக்கள் அரீபா, ஆரிப் அவர்களே, வீட்டுத்தோட்ட நண்பர்கள் சங்கத்துத் தோழர்களே, வணக்கம். பத்தொன்பது ஆண்டுகளாக இச்சங்கத்தின் செயலாளராக இருக்கும் முருகையனாகிய நான், இன்று ஒரு திருட்டை ஒப்புக்கொள்ளத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

ஜவுளிக்கடை யாகூப் பாய்! கருவடிக்குப்பத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் எது நினைவுக்கு வரும்? அவருடைய அத்தா நட்டுவிட்டுப் போன கொட்டைத் திராட்சை. கறுப்பு, சின்னப் பழம், கொஞ்சம் புளிப்பு. அந்த ரகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. கவாத்து செய்யும் நாளில் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் குச்சி வெட்டிக் கொடுத்தார். நாலு வீட்டில் பந்தல் எழுந்தது. எனக்கு மட்டும் இல்லை! ஏன்? லாஸ்பேட்டையில் என் வீட்டுப் பின்பக்கம் முழுக்கச் சிமெண்ட். வந்து பார்த்தார், டீ குடித்தார்.

"மண்ணே இல்லாத வீட்டுக்கு எதுக்கு சார் கொடி? பேத்துட்டு சொல்லுங்க, நானே வந்து நட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். செயலாளருக்கே இல்லையா என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அவர் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து ஒரு குச்சியை ஒடித்துச் சட்டைக்குள் மறைத்து எடுத்து வந்தேன். வந்த பிறகுதான் புத்தி வந்தது. நட மண் வேண்டுமே! கடப்பாறையை எடுத்து நானே தரையைப் பெயர்த்தேன். குச்சி துளிர்த்தது. அன்று முதல் பின்கதவுக்குப் பூட்டு. ஆறு வருஷம், பாய் வரும்போதெல்லாம் முன்னறையிலேயே உட்காரவைத்து அனுப்பினேன். வெட்கக்கேடு!

மூன்று வருஷத்துக்கு முந்தைய மழையில் அவர் தெருவில் ஐந்து நாள் தண்ணீர் நின்றது. வேர் அழுகித் தாய்க்கொடி போனது. நாலு வீட்டுப் பந்தலும் போனது. அத்தா வைத்தது என் காலத்தில் போச்சே என்று பாய் கடைக்கே போகாமல் உட்கார்ந்துவிட்டார். வாயைத் திறந்தால் என் மானம் போகும். திறக்காவிட்டால் அந்தத் திராட்சையே இல்லாமல் போகும். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் ஆறு குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

கணுவைத் தடவிப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"அன்னைக்கே தெரியும் சார். வெட்டாம ஒடிச்சிருந்தீங்க. எங்க தெருவுல யாரும் அப்படி எடுக்க மாட்டாங்க."

"அப்புறம் ஏன் பாய் கேக்கல?"

"சிமெண்ட பேத்தாரான்னு உங்க வீட்டம்மாகிட்ட கேட்டேன். பேத்துட்டாருன்னாங்க. அப்புறம் எனக்கு என்ன வேணும்?"

தோழர்களே, ஆறில் ஐந்து பிழைத்தன. போன மாதம் அவற்றின் பழத்தைத் தின்றுவிட்டு, நிறைந்த மனத்தோடுதான் போயிருக்கிறார் நம் யாகூப் பாய். எழுபத்தெட்டு வயது. இப்படி ஒரு வாழ்வு யாருக்கு வாய்க்கும்! இனி ஒரே தெருவில் அந்தக் கொடியை வைத்திருக்க மாட்டோம், ஊர் முழுக்க நடுவோம் என்று அவர் பிள்ளைகள் முன்னால் உறுதி சொல்கிறேன். இன்று காலை என் பின்கதவுப் பூட்டைக் கழற்றிவிட்டேன். யார் வேண்டுமானாலும் வரலாம். நான் வீட்டில் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிக்க வேண்டாம், கத்தி அங்கேயே ஆணியில் தொங்குகிறது.